மாடத்தி சாப்பிடாத வீடு

மட்டாஞ்சேரியில் படகுத்துறைக்குப் போகிற சாலையில் அப்புச் சேட்டனின் ஹோட்டல் இருக்கிறது. பெயர்தான் ஹோட்டல், நாலு மேசை, ஒரு கல்லாப்பெட்டி, பின்னால் புகையடைந்த ஓர் அடுக்களை. அங்கே தோசை வார்க்கிறவள் மாடத்தி. அவள் தோசைக்காகவே வெலிங்டன் தீவுக் கிடங்குகளிலிருந்து சுமை தூக்குகிறவர்கள் படகேறி வருவார்கள். ஊருக்கெல்லாம் வயிறு நிறையப் போட்ட அந்த மனுஷி, தன் கையால் வார்த்த தோசையில் ஒரு விள்ளல்கூடத் தின்றதில்லை. மத்தியானம் பின்வாசலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்த பழைய சோற்றை ஊறுகாய் தொட்டு விழுங்கிவிட்டு மறுபடி கல்லுக்கு முன்னால் போய் நிற்பாள்.

காரணத்தைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். அப்புச் சேட்டன் காலையில் கல்லில் விழுகிற முதல் தோசையை, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிற குருவாயூரப்பன் படத்துக்கு முன்னால் வைத்து ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குவார். மாடத்தி இதைத் தன் சபைப் பாஸ்டரிடம் போய்ச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் எதையும் ஒளிக்கக்கூடாது என்பதும் அங்கே ஒரு சட்டம். பாஸ்டர் சேவியர் கண்ணை மூடி யோசித்தார். "முதல் தோசை விக்கிரகத்துக்குப் போச்சுன்னா, அந்த மாவு பூராவும் விக்கிரகத்துக்குப் போனதுதான் சிஸ்டர்" என்றார். முதல் மாவு பரிசுத்தமானால் மொத்த மாவும் பரிசுத்தமாகும் என்று வேதத்தில் ஓரிடம் உண்டு. அந்த நல்ல வார்த்தையைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு ஏழைப் பெண்ணின் தோசையைத் தீட்டாக்கிவிட்டார் மனிதர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆமென் சொன்னார்கள். மாடத்தியும் சொன்னாள்.

அவளை முட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சொல்கிறவர்கள் பிச்சைமணியைப் பார்த்ததில்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்த புருஷன் அவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கிச் சம்பாதித்ததையெல்லாம் குடித்தே தீர்த்தவன். குடித்துவிட்டு வந்தால் அடி, குடிக்காமல் வந்தால் அதைவிடப் பெரிய அடி. அப்படிப்பட்டவனை, சுக்குக் கிடங்குக்கு மேலே ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்திய தமிழ்ச் சபைக்காரர்கள் வீடு தேடி வந்து, உபவாசம் இருந்து, தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். அவன் குடியை விட்டான். செத்துப்போகிற நாள்வரை தொடவில்லை. கடைசி காலத்தில் அவளுக்கு அவன் ஒரு நல்ல புருஷனாக இருந்தான். இது நடந்த விஷயம், இதை யாரும் மறுக்க முடியாது. அந்த நன்றிக்குத்தான் மாடத்தி தலையை நீட்டினாள். நீட்டிய தலையில் அவர்கள் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள்.

முதலில் பூ போயிற்று. பிறகு பொட்டு, அப்புறம் காதில் கிடந்த கம்மல். கடைசியில் தாலிக்கொடியையும் கழற்றி, கம்மலோடு சேர்த்து விற்றுவிட்டாள். சீரியல் பார்ப்பது பாவம், சினிமாப் பாட்டு காதில் விழுந்தால்கூட மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொள்ள வேண்டும். இயேசு சிலுவையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார் என்று ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு, திங்கட்கிழமை முதல் அவர் முடிக்காமல் விட்டதையெல்லாம் பாஸ்டர் சேவியர் முடித்துக்கொண்டிருந்தார்.

இதில் மாடத்தியை ரொம்பப் பிடித்துக்கொண்டது சாப்பாட்டுச் சட்டம்தான். புறஜாதிக்காரர் எது கொடுத்தாலும், வாயில் வைக்குமுன் படைத்ததா என்று கேட்க வேண்டும். மாடத்தி கேட்டாள். ஓணத்துக்குப் பாயசம் கொண்டுவந்த பக்கத்து வீட்டு மஞ்சுஷாவிடம் கேட்டாள். பஸ்ஸில் கடலை மிட்டாய் நீட்டிய முன்பின் தெரியாத கிழவனிடம்கூடக் கேட்டாள். லைன்வீட்டுப் பிள்ளைகள் அவளுக்கு 'படைச்சதா சேச்சி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அப்புச் சேட்டன் மட்டும் சண்டைக்குப் போகவில்லை. "ஒரு தோச தின்னால் எந்தா சேச்சி, தெய்வம் கோவிச்சுக்குமோ?" என்று அவ்வப்போது கேட்பார். மாடத்தி கல்லைத் துடைப்பாள்.

அவளுக்கு இருந்தது ஒரே மகள், மகா. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். சபையில் பாட்டுப் புத்தகத்தைத் தமிழில் வாசிக்கத் தெரியாமல், மலையாளத்தில் எழுதிவைத்துக்கொண்டு பாடுவாள். நல்ல குரல். அந்தக் குரலுக்காகவே பாஸ்டர் அவளை முன்வரிசையில் நிறுத்துவார். அந்த மகா, கும்பளங்கியில் மீன் வளர்க்கிற கெட்டு ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிற பிரதீஷை விரும்பி, பதிவு ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அவன் வீட்டில் சாயங்காலம் விளக்கேற்றுகிறவர்கள். அவன் அவளை விளக்கேற்றச் சொல்லவுமில்லை, ஜெபம் பண்ணாதே என்று தடுக்கவுமில்லை. இதையெல்லாம் சபையில் யார் கேட்டார்கள்?

பாஸ்டர் சேவியர் ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். மகா மனந்திரும்பி வருகிறவரை விசுவாசிகள் யாரும் அவளோடு பந்தியில் உட்காரக்கூடாது. பேசலாம், ஜெபிக்கலாம்; அவள் வீட்டில் கை நனைக்கக்கூடாது, அவள் கொண்டுவருவதை உண்ணக்கூடாது. "பெத்த தாய்க்கும் இதுதான்" என்று மாடத்தியைப் பார்த்துச் சொன்னார். மாடத்தி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள்.

மகா விடவில்லை. மாதத்துக்கு ஒரு தடவையாவது கரிமீன் பொரித்து, வாழையிலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவாள். மாடத்தி வாங்கிக்கொள்வாள். ஊர்க்கதை பேசுவாள், முடியைக் கோதிவிடுவாள், ஜெபம் பண்ணி அனுப்புவாள். மகளின் தலை மறைந்ததும் அந்தப் பொதியை மஞ்சுஷாவிடம் கொடுத்துவிடுவாள். மஞ்சுஷாவுக்குக் கரிமீன் பிடிக்கும். சாப்பிட்டுவிட்டு எப்படியிருந்தது என்று மாடத்தியிடம் வந்து வேறு சொல்வாள்.

மகா உண்டானாள். தலைப்பிள்ளைக்குப் பேறுகாலம் பார்ப்பது தாய்வீட்டின் கடமை என்று ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மகள் வீட்டுக்கு வந்தால் ஒரே பானைச் சோறு. மாடத்தி போய்ப் பாஸ்டரிடம் கேட்டாள். கெஞ்சினாள் என்றே சொல்லலாம். "சட்டம் ஆளுக்கொண்ணா இருக்க முடியுமா சிஸ்டர்?" என்றார் அவர். ஆகவே மகா தாய்வீட்டுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த அன்று மாடத்தி போனாள். பேத்தியை வாங்கி நெஞ்சோடு வைத்து ஜெபம் பண்ணினாள். பிரதீஷின் அம்மா ஸ்வர்ணலதா பிளாஸ்க்கிலிருந்து சாயா ஊற்றி நீட்டினாள். மாடத்தி கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றாள். நாற்பது நாளும் எண்ணெய் தேய்த்து, பச்சிலை போட்டுக் காய்ச்சிய வேதுவெந்நீர் ஊற்றி, மருந்து கிண்டிக் கொடுத்து மகாவைத் தேற்றியது ஸ்வர்ணலதாதான். மாடத்தி அந்த நாற்பது நாளும் காலையில் தோசை வார்த்தாள், ராத்திரி முழங்காலில் நின்று அழுதாள். கர்த்தர் தன்னைச் சோதிக்கிறார் என்று நம்பினாள். பாவம், சோதித்தது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வருஷங்கள் போயின. மகா வரும்போது பிள்ளையை ஸ்வர்ணலதாவிடம் விட்டுவிட்டுத் தனியாகத்தான் வருவாள். பாஸ்டர் சேவியருக்கு வயதாகி, கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டார். அவர் இடத்துக்கு மார்த்தாண்டத்திலிருந்து ஜெனிஷ் என்றொரு இளம் பாஸ்டர் வந்தார். பேண்ட்டும் டீ ஷர்ட்டும், கிடார் வாசிப்பார், அவர் மனைவி காதில் சின்னதாக ஒரு தங்கத்தோடு. முதல் ஞாயிறு பெண்கள் எல்லோரும் அந்தத் தோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில வாரம் கழித்து அவர் பிரசங்கத்திலேயே போட்டு உடைத்தார். தொடாதே, தின்னாதே, போடாதே என்பதெல்லாம் மனுஷர் கட்டிவைத்த வேலி. கிறிஸ்து நம்மை விடுதலையாக்கியிருக்கிறார். விடுதலையான பிறகு திரும்பவும் நுகத்தில் கழுத்தைக் கொடுப்பானேன் என்று கேட்டார். அத்தனையும் உண்மை. ஒரு சொல்லைக்கூடக் குறை சொல்ல முடியாது. ஜனங்கள் கை தட்டினார்கள். அடுத்த வாரமே பாதிப்பேர் காதில் கம்மல் ஏறிவிட்டது. இத்தனை காலமும் அவற்றை விற்காமல் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் மாடத்திக்குத் தெரிந்தது.

ஆராதனை முடிந்து அவள் புதுப் பாஸ்டரிடம் போனாள்.

"ஐயா, அப்போ நான் எம்மக வீட்டுல சாப்பிடலாமா?"

"என்ன சிஸ்டர் இப்படிக் கேக்கறீங்க? தாராளமா! இன்னைக்கே போங்க!" என்று சிரித்தார் ஜெனிஷ்.

"இம்புட்டு நாளு சாப்பிடாம இருந்தனே?"

"அது அந்தக் காலத்து விளக்கம் சிஸ்டர். இப்ப வெளிச்சம் கூடியிருக்கு. பின்னானவைகளை மறந்துரணும்."

மாடத்திக்கு மறக்கத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கோயம்புத்தூருக்குப் போன் பண்ணினாள். பாஸ்டர் சேவியர் நல்ல மனிதராகவே பேசினார். நலம் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் இருமினார். "அன்னைக்கு சபையக் கட்டிக் காக்க அப்படி ஒரு ஒழுங்கு வேண்டியிருந்திச்சு சிஸ்டர். இப்ப என் மருமகளே நகை போடுதா, நான் ஒண்ணும் சொல்றதில்ல" என்றார். மாடத்தி போனை வைத்தாள். சட்டம் கர்த்தருடையது என்றால் தாங்கிக்கொள்ளலாம். இவர்கள் வசதிக்கு வைத்து, வசதிக்கு எடுத்துக்கொண்ட ஒன்றுக்காகவா பெற்ற மகளுக்கு ஒரு குடம் வெந்நீர் ஊற்றாமல் இருந்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்று அவள் ஜெபம் பண்ணவில்லை.

மறுநாள் அப்புச் சேட்டனிடம் லீவு சொல்லிவிட்டுக் கும்பளங்கிக்குப் பஸ் ஏறினாள். சபை தடையை எடுத்துவிட்டது, சாப்பிட வருகிறேன் என்று போனில் சொன்னபோது மகா, "வா அம்மா. எந்தா வேணும்? கப்பை வேவிக்கட்டா?" என்று கேட்டாள்.

பஸ் நிறுத்தத்தில் பிரதீஷே வந்து நின்றான். வீட்டில் அவித்த மரவள்ளிக் கப்பையும் கரிமீன் கறியும் வாசம் தூக்கிற்று. பேத்தி தூணைப் பிடித்துக்கொண்டு, "அம்மே, இது ஆரா?" என்று கேட்டது. "அம்மூம்மா" என்று பாட்டியைக் காட்டினாள் மகா. ஸ்வர்ணலதா, அம்மையும் மகளும் சேர்ந்து உட்காரட்டும் என்று பேத்தியைத் தூக்கிக்கொண்டு மீன்கெட்டுப் பக்கம் போய்விட்டாள். பெரிய மனசுதான் அவளுக்கு.

மகா பாயை விரித்தாள். இரண்டு தட்டுப் போட்டாள். கப்பையை வைத்து, மேலே கறியை ஊற்றி, மீனில் பெரிய துண்டாகப் பார்த்து அம்மாவின் தட்டில் வைத்தாள். தானும் சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, முகத்தில் சிரிப்பும் இருந்தது. கல்யாணம் ஆன பிறகு முதல் தடவையாக இருவருக்கும் நடுவில் சோறு.

மாடத்தி கையை நீட்டினாள். கப்பையில் விரல் படும்போது, அவள் நினைக்கவே இல்லை, வாய் தானாகத் திறந்தது.

"படைச்சதா?"

கேட்டபிறகுதான் அவளுக்கே கேட்டது. அந்த வீட்டில் விளக்குக்கு முன்னால் பூவும் கற்பூரமும் தவிர வேறெதுவும் வைப்பதில்லை. மீன் கறியை யார் கொண்டுபோய் அங்கே வைப்பார்கள்?

மகாவின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது. தன் தட்டைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தாள்.

"இல்லம்மா. படைக்கல்ல. நீ சாப்பிடு" என்றாள்.

"இல்ல மக்களே, நான் அதுக்குக் கேக்கல... சும்மா வாயில வந்துட்டு..."

"சாரமில்லம்மா, பரவால்ல." மகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் இத்தன நாளும் பிரதீஷேட்டன்கிட்ட சண்ட போடுவேன், அறியுமோ? அம்மாவ ஒண்ணும் பறையாதே, அம்மா பாவம், அவங்க விடமாட்டேங்கறாங்கன்னு. நான் பொதிஞ்சு கொண்டு வந்த மீன மஞ்சுஷா சேச்சிக்குக் குடுக்கறது எனக்குத் தெரியும். அதுக்கும் உன்னைய நான் வெறுக்கல. எல்லாம் அந்தப் பாஸ்டர்தான்னு நெனச்சேன். இப்ப பாஸ்டர் இல்ல, சபையும் போன்னு சொல்லிட்டு. இங்க நீயும் நானும் மட்டுந்தான் இருக்கோம்." அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ அது நீதான், இல்லையாம்மா?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் மாடத்தி அழுதாவது பதில் சொல்லியிருப்பாள்.

அது நான் இல்லை மகா, வெறும் நாக்குதான் என்று சொல்ல நினைத்தாள். அந்த நாக்கு பின்னே யாருடையது என்று மகா கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தட்டை இழுத்து வைத்து, கப்பையைப் பிசைந்து, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். கறி ருசியாகத்தான் இருந்தது. எதிரே மகா சாப்பிடாமல், அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.