சிங்கத்துக்கு இடம் விட்ட மூஞ்சி

எனக்குக் காது குத்துவதற்கு முந்தின வாரம், அப்பா என்னை விருத்தாசலம் கடைவீதிக்கு டிஜிட்டல் பேனர் அடிக்கக் கூட்டிப்போனார். எனக்கு ஏழு வயது. ஊருக்குள் பேனர் புதுசாக வந்திருந்த காலம். பீங்கான் கம்பெனியில் ஃப்யூஸ் கட்டை செய்துகொண்டிருந்த அப்பா, சொந்தத்தில் ஒருத்தரும் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று பதினாலு பேர் போட்டோவைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

என் ஆசைகள் எளிமையானவை. பின்னால் அருவி, மேலே கழுகு, சுற்றிலும் ரோஜா, நடுவில் சிங்கம், பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட நான். மண்டபத்தின் பேரை மஞ்சள் எழுத்தில் கேட்டதும் நான்தான். அது போய் விழுந்த இடம் சிங்கத்தின் மஞ்சள் வயிறு.

அப்பா டீ குடிக்கப் போன நேரம், கம்ப்யூட்டர் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"எடமே இல்ல தம்பி. ஒரு மூஞ்சிய எடுத்தாதான் சிங்கம் நிக்கும்."

"எடுத்துடுங்கண்ணே."

யார் மூஞ்சி என்று நான் கேட்கவில்லை. சிங்கம் கேட்கிற வயசில் சொந்தம் என்ன பெரிய சொந்தம்?

விசேஷத்தன்று அந்தப் பேனரை மண்டபத்துத் தெருமுனையில் கட்டினார்கள். வந்தவர்கள் அதற்கு அடியிலேயே நின்றுகொண்டு, "இங்க காதுகுத்து எங்கங்க?" என்று விசாரித்தார்கள். ஒருத்தர் சர்க்கஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது. அதற்குள் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தியாக வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சீர்வரிசையோடு வர வேண்டிய மாமாவைக் காணோம். "அண்ணன் வராம குத்துனா நான் எந்த மொகத்த வெச்சிக்கிட்டு நடமாடுறது?" என்று அம்மா முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

மொட்டையில் சந்தனம் காயக் காயத் தெருமுனைக்கு ஓடினேன். எதிர் டீக்கடையோரம் மாமா வந்த வேன் நின்றிருந்தது. மாமா கீழே நின்று பேனரை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் பார்த்தார். பிறகு வேனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். பாவம், அவருக்கும் எழுத்து தெரியவில்லை என்று நினைத்தேன்.

ரோட்டைத் தாண்டினால் தோலை உரிப்பேன் என்று அம்மா சொல்லியிருந்ததால் சித்தியிடம் ஓடினேன். அம்மாவின் தங்கை, பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். வந்து பேனரை ஒரு நிமிஷம் பார்த்தாள். வேனையும் பார்த்தாள்.

"என்னா பேனரு இது, ஒரு எழுத்தும் தெரியல! பொம்மைக்கு ரெண்டு கண்ணு வெச்சா நம்மளப் பாக்கும். இருவது வெச்சா யாரப் பாக்கும்? அவுத்துத் திருப்பிக் கட்டுங்க!"

பேனரின் முதுகு வெள்ளை வெளேர் என்றிருந்தது. மண்டபத்துக் கதவுக்கு அடித்து மீந்த கறுப்பு பெயின்ட்டில் 'காதுகுத்து' என்று ஆளுயரத்துக்கு எழுதினாள். அடியில், குழைத்த குங்குமத்தில் ஒரே ஓர் அம்புக்குறி. மிச்சமெல்லாம் காலி.

"மூலையில சின்னதா ஒரு சிங்கம், சித்தி..."

"காதோட சேத்து மூக்கையும் குத்தச் சொல்லவா?"

வேன் கதவு திறந்தது. சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு மாமா ரோட்டைத் தாண்டி வந்தார். "இப்பதான்டா பேனரு நல்லா இருக்குது" என்று என்னை அள்ளிக்கொண்டார். அம்மா அதே முந்தானையால் சிரித்த வாயை மூடிக்கொண்டாள். பத்தரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் ஒரு கணம் வாசிப்பதை நிறுத்தினார்.

எல்லாம் அம்புக்குறியின் வேலை என்று நம்பி, ஒரு மாதத்துக்கு ஸ்கூல் சுவரெல்லாம் அம்பு போட்டு அடி வாங்கினேன்.

என் கல்யாணப் பேனருக்குப் படம் பொறுக்கும்போதுதான் சித்தி சொன்னாள், "மொதல்ல மாமன் படத்த எடுத்து வை." மாமாவுக்கு அன்று மஞ்சள் எழுத்து உட்பட எல்லாம் தெரிந்திருந்தது. அவர் தேடியது தன் மூஞ்சியை. திருப்பிக் கட்டியதில் யார் மூஞ்சியும் இல்லை. அதனால் அவராலும் உள்ளே வர முடிந்தது. எழுத்து தெரியவில்லை என்றது அப்பாவின் மானத்துக்காகச் சித்தி சொன்ன சாக்கு.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எட்டவில்லை. மாமா மடியில் இரண்டு காதும் எரிய எரிய உட்கார்ந்து, என் சிங்கம் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே என்றுதான் அழுதுகொண்டிருந்தேன்.