ஊர் எது என்று கேட்டவன்

எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். அந்த ஒரு தற்பெருமையால் ஒரு குடும்பம் கெட்டது என்று சொன்னால் என் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "வயசு போனா எல்லாத்துக்கும் தான்தான் காரணமெண்டு தோணும் அப்பா, விடுங்கோ" என்கிறாள் மகள். அவளுக்கென்ன தெரியும்? அந்த மேசைக்கு முன்னால் நின்றவன் நான்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது கோலா சாவா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்தவர். நான் சிரம்பானில் பிறந்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, தோட்டத்து ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டவன். லயத்து வரிசை வீடுகளிலிருக்கிற ஜனங்கள் என்னைக் கண்டால் தலைத்துண்டை எடுத்துவிடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

லயங்களைச் சுற்றி அப்போது இரட்டை முள்கம்பி. விடிகாலையில் பெரட்டில் வருகைக்குப் பேர் கொடுத்துவிட்டுப் பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி, பெண்களைப் பெண்களும் ஆண்களை ஆண்களும் தடவிப் பார்ப்பார்கள், காட்டுக்குள் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொண்டுபோகிறார்களா என்று. ஒரு தூக்குவாளிக் கஞ்சியைக்கூட விட மாட்டார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கிராணி யாருக்கோ ஒரு காகிதத்தில் பொய்யாக எழுதிக் கொடுத்தார் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பூப்பந்து விளையாடுகிறவர். அவர் திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து என் கையெழுத்துள்ள எந்தத் தாளையும் இரண்டு முறை படிக்காமல் நான் விட்டதில்லை.

எங்கள் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிற ஒருத்தியைப் 'பர்மாக்காரி' என்று கூப்பிடுவார்கள். அவள் பர்மாவில் பிறந்த தமிழச்சி. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் அவளையும் அவள் அப்பனையும் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அப்பன் அங்கேயே வாந்திபேதியில் போய்விட்டான். தாய்க்காரி வேறு கூட்டத்தோடு மலை தாண்டி இந்தியாவுக்கு நடந்தாள் என்று கேள்வி, உயிரோடிருக்கிறாளா என்று தெரியாது. சண்டை முடிந்ததும் அகதி முகாமில், எங்கள் தோட்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒருவன் அவளைக் கட்டிக்கொண்டு ரயிலில் கூட்டிவந்தான். வரும்போது அவளுக்கு நாடும் கிடையாது, காகிதமும் கிடையாது.

புருஷன் இங்கே பிறந்தவன். அதனால் சட்டம் வந்ததும் அவளுக்கும் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடலாம் என்று ஆயிற்று. படிவத்தை நான்தான் நிரப்பினேன்.

"எங்கே பிறந்தனீ?"

"பர்மாவுலங்கய்யா. அரிசி மில்லுக்குப் பின்னால ஒரு கொட்டாயில."

'பர்மா' என்று அழகாக எழுதி, எழுதியவன் என்று அடியில் கையெழுத்தும் போட்டேன். காகிதம் கைக்கு வந்த நாளில் அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கேட்டாள், "இனிமே யாரும் என்னய எங்கயும் தொரத்த முடியாதுல்லங்கய்யா?"

"ஒருத்தனும் தொட மாட்டான், போ" என்றேன், ஏதோ நானே ராஜா மாதிரி.

அப்புறம் ஒரு கடிதம் வந்தது. தாய்க்காரி உயிரோடிருக்கிறாள், திருத்துறைப்பூண்டிப் பக்கம் சொந்தக்காரர்கள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள், மகளை ஒருமுறை பார்க்கவேண்டும் என்கிறாள். பர்மாக்காரி மூன்று வயதுப் பெண் குழந்தையைப் புருஷனிடம் விட்டுவிட்டுக் கப்பலேறினாள். திரும்பி வருவதற்கான அனுமதிச் சீட்டையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். தாயை எடுத்துப்போட்டுவிட்டு, நாலாம் மாதம் கப்பலில் வருகிறேன் என்று தந்தி வந்தது.

கப்பல் வருகிற அன்று தோட்டத்து லாரியில் துறைமுகத்துக்கு என்னை அனுப்பினார் துரை. அவளோடு இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள், மூவரையும் கூட்டிவர வேண்டும். புருஷனுக்கு வெளியே வர பாஸ் கிடைக்கவில்லை. முள்கம்பி வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். "அழுது அழுது தொண்ட கட்டிப்போச்சு பாப்பாவுக்கு. பத்திரமாக் கூட்டியாந்துருங்கய்யா" என்றான். "சும்மா இரு, கல்யாண வீட்டுக்கா போறன்? சாயந்திரம் வந்திடுவம்" என்றேன்.

துறைமுகத்தில் ஒரு நீளமான தகரக் கொட்டகை. உள்ளே வெக்கை, வாந்தி நாற்றம், குழந்தைகளின் கத்தல். வரிசை வரிசையாக மேசைகள். எங்கள் ஆட்கள் இருவர் முன்னாலேயே வெளியே வந்துவிட்டார்கள். பர்மாக்காரியை மட்டும் கடைசி மேசையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கே ஒரு வெள்ளைக்கார அதிகாரி, என்னைவிட இளையவன், மூக்குத்தோல் வெயிலில் உரிந்திருந்தது. அவனுடைய துபாஷி வேறொரு மேசைக்குப் போயிருந்தான். அவள் என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, "அந்தா எங்க கிராணி அய்யா வந்துட்டாக" என்றாள்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானே போய், "நான் உதவட்டுமா சார்? எனக்கு இரண்டு பாஷையும் வரும்" என்றேன். என் உச்சரிப்பைக் கேட்டு அவன் நிமிர்ந்து பார்த்தான். எனக்கு நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. சவத்துப் பெருமை!

"இவள் எந்த நாட்டைச் சேர்ந்தவள் என்று கேளுங்கள்" என்றான்.

நாடு என்று கேட்டிருந்தால் "மலாயாங்க" என்று சொல்லியிருப்பாள். என் வாயில் வந்தது தோட்டத்து வழக்கம். "உனக்கு ஊர் எது பிள்ளை?" என்று கேட்டேன்.

இங்கே தமிழன் தமிழனைக் கண்டால் முதல் கேள்வி அதுதான். அதற்குப் பதில் அவன் பிறந்த இடமுமல்ல, இருக்கிற இடமுமல்ல. அப்பனுக்கு அப்பன் எங்கிருந்து கப்பலேறினானோ அந்தப் பேர். பெண் எடுக்க, பெண் கொடுக்க, செத்தால் தோள் கொடுக்க, எல்லாவற்றுக்கும் அந்தப் பேர் வேண்டும். என்னைக் கேட்டால் நானும் கண்ணால் காணாத ஒரு யாழ்ப்பாணத்துக் கிராமத்தைத்தான் சொல்வேன். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் இருந்தது.

"திருத்துறப்பூண்டிப் பக்கங்கய்யா" என்றாள் அவள், பளிச்சென்று.

"இந்தியா என்கிறாள் சார்" என்றேன் நானும், பளிச்சென்று.

அதிகாரி காகிதத்தைத் திருப்பினான். "பர்மாவில் பிறந்தவள் என்று இதில் இருக்கிறது. இப்போது இந்தியா என்கிறாள். எது பொய்?"

அந்த இடத்தில் இரண்டு வாக்கியம் பேசியிருந்தால் போதும். என் கேள்விதான் தப்பு சார், ஊர் வேறு, நாடு வேறு, இன்னொரு முறை கேட்கிறேன். இதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் இல்லாமலா போயிற்று? வாயைத் திறக்கத்தான் போனேன். அதற்குள் அவன் விரல் காகிதத்தின் அடிக்குப் போய்விட்டது. "இந்தக் கையெழுத்து யாருடையது?"

என்னுடையது. ஜீப்பில் போன பூப்பந்துக்காரர் கண்முன்னே வந்தார். "என்னுடையதுதான் சார். அவள் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான்" என்றேன்.

"அப்படியென்றால் உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறாள்."

நான் மேசையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் தப்பித்துக்கொண்டது, கெட்டது வேறொருத்தி. அவன் அவளுடைய காகிதங்களை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டு சிவப்பு மையில் என்னவோ எழுதினான். பர்மாவில் பிறந்தவள், சயாம் காட்டில் இருந்தவள், பிறப்பையே மாற்றிச் சொல்கிறவள். அந்தக் காலத்தில் இதற்கு மேல் சந்தேகத்துக்கு என்ன வேண்டும்?

"என்னங்கய்யா சொல்றாரு?" என்று என்னையே கேட்டாள்.

"கொஞ்சம் விசாரிக்க வேணுமாம். ரெண்டு நாளையில விட்டிடுவாங்கள். பயப்படாதே."

"நீங்க இருக்கிறப்ப எனக்கென்னங்கய்யா பயம்" என்றாள். குழந்தைக்கு வாங்கிய சட்டைப் பொட்டலத்தை என்னிடம் கொடுத்து, அம்மா ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்று சொல்லச் சொன்னாள். வளரும் பிள்ளையென்று சற்றுப் பெரிதாக எடுத்திருக்கிறாளாம். பெண் காவலாளி அவளைப் பக்கத்துக் கதவு வழியாகக் கூட்டிப்போனாள். அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

லாரியில் மற்ற இருவரும் ஊர்க் கதை பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்கு ஒரு சொல் காதில் ஏறவில்லை. வாசலில் நின்ற புருஷன் லாரிக்குள் எட்டிப் பார்த்தான். குழந்தையும் எட்டிப் பார்த்தது. காகிதத்தில் ஏதோ சிக்கல், அதிகாரி ஒரு மாதிரியானவன் என்று அவனிடம் சொன்னேன். பொட்டலத்தைக் கொடுத்தேன். "நான் பேசிப் பார்த்தன், முடியேல்லை" என்றும் சொன்னேன். அடப் பாவி, அதையும் சொன்னேன்.

மூன்று வாரம் முகாமில் வைத்திருந்து, அடுத்த கப்பலில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாயும் இல்லாத அந்த ஊருக்கு.

அதன் பிறகு அவன் ஒவ்வொரு வாரமும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான். "ஒரு மனு எழுதுங்கய்யா. ஒங்க கையெழுத்து ராசியான கையெழுத்து." எழுதினேன். சிரம்பானுக்கு, கோலாலம்பூருக்கு, யார் யாருக்கோ. கணவன் இந்நாட்டில் பிறந்தவன், குழந்தை தாயில்லாமல் நோயாகக் கிடக்கிறது, கருணை காட்டவேண்டும். என் ஆங்கிலத்தைத் துரையே பாராட்டினார். கேள்வியைத் தப்பாகக் கேட்டவன் நான் என்கிற ஒரு வரியை மட்டும் ஒரு மனுவிலும் எழுதவில்லை. எழுத உட்காருவேன், பேனாவில் மை காயும். என் பெண்டாட்டி அப்போது முழுகாமல் இருந்தாள், நான் உள்ளே போனால் அவளுக்கு யார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். விசாரணை முடிந்துவிட்டது, மேற்கொண்டு எழுதவேண்டாம் என்று ஒரே மாதிரி பதில் வந்துகொண்டிருந்தது.

ஒரு வருஷம் பார்த்தான். பிறகு, "நாங்களே அங்க போயிடுறோங்கய்யா. புள்ள அவ மொகத்தயே மறந்துபோச்சு" என்றான். போவதென்றால் காகிதங்களை ஒப்படைத்துவிட்டு, இந்நாட்டுக்குத் திரும்பி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார்கள். இங்கே பிறந்தவன், சயாமுக்குப் போய்ச் சாகாமல் இதே லயத்துக்குத் திரும்பி வந்தவன். அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். அவன் கைநாட்டு வைத்தான். குழந்தைக்கும் சேர்த்து வைத்தான்.

புறப்படுகிற அன்று ஒரு தகரப் பெட்டியோடும் குழந்தையோடும் ஆபீசுக்கு வந்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் தடுக்குமுன் காலில் விழுந்தான்.

"நீங்க இல்லாட்டி அவளுக்காகப் பேச ஒரு நாதி இருந்திருக்காதுங்கய்யா" என்றான். "போயி அவக்கிட்டச் சொல்றேன், எத்தன மனு எழுதுனீங்கன்னு."

இப்போதாவது சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. லாரிக்காரன் வெளியே ஹாரன் அடித்தான். அவன் எழுந்து பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்தபடி என் உத்தரவுக்காக நின்றான்.

"போயிட்டு வா" என்றேன்.

"சரிங்கய்யா" என்றான்.