வயிறு நிறைந்த கார்

நர்ஸாக இருக்கும் என் மனைவியைக் கல்வராயன் மலைமேல் ஒரு கிராமத்துக்கு மாற்றிவிட்டார்கள். கள்ளக்குறிச்சியில் காலை பஸ்ஸை விட்டால் அன்றைய வேலை போச்சு. மூன்று மாதம் பொறுத்தாள். பிறகு ஒரு நாள், "ஒண்ணு அந்த டப்பா கார் மலை ஏறணும், இல்ல நான் வேலய எழுதிக் குடுத்துட்டு வூட்ல குந்திக்கிறேன்" என்றாள்.

டப்பா கார் என்பது என் கடைக்குப் பின்னால் எஞ்சின் செத்துக் கிடந்த சின்னக் கார். எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். கையில் காசில்லை என்றாலும் எதையும் பிரித்துப் பார்க்காமல் விடாத புத்தி உண்டு. எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டேன். சின்னசேலத்தில் நசுங்கிக் கிடந்த, கரண்டில் ஓடும் ஒரு சரக்கு ஆட்டோவின் மோட்டாரையும் பேட்டரிகளையும் வாங்கி வந்து பொருத்தினேன். பின்சீட் இருந்த இடம் முழுக்கப் பேட்டரி.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஒரு விஷயம்தான். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதே மோட்டார் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடியில் மின்சாரம் உண்டாகி பேட்டரிக்குத் திரும்புகிறது. வடக்கனந்தல் ரோட்டு மேட்டில் பத்துத் தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். டீக்கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மலையில் கார் முக்கியது, முனகியது, ஆனாலும் ஏறிவிட்டது. மேலே போனபோது பேட்டரியில் கால்வாசிகூட இல்லை. சுகாதார நிலையத்துக்கு எதிர்வீட்டு அம்மாவிடம் கேட்டு சார்ஜ் ஒயரை மாட்டினேன். "பாதி ஏறினா போதும்மா, மத்தியானம் புடுங்கிடுங்க" என்று சொல்லிவிட்டு ஊரைச் சுற்றப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் முழுசாக ஏறியிருந்தது. "வூட்டுக்கு வந்தத அரை வயித்தோட அனுப்புவாங்களாங்க?" என்று சிரித்தார் அந்த அம்மா. எங்களுக்கும் சாமைச் சோறு போட்டுத்தான் விட்டார். இலவசமாகக் கிடைத்த முழு பேட்டரியைப் பார்த்து எனக்கும் வாயெல்லாம் பல்.

மலை இறங்கும்போது முதல் வளைவிலேயே காலை எடுத்தேன். மோட்டார் பிடிக்கவில்லை. கார் தன்பாட்டுக்கு ஓடியது. நிரம்பிய பேட்டரியில் இனி மின்சாரம் போக இடமில்லை என்பதும், வாங்கிக்கொள்ள ஆளில்லாவிட்டால் மோட்டார் பிடிக்காது என்பதும் அப்போதுதான் உறைத்தது. பத்துத் தடவை பார்த்த மேதாவி இதை மட்டும் யோசிக்கவில்லை. பிரேக்கை மிதித்து மிதித்துக் கருகல் வாடையோடு ஓரம் கட்டினேன்.

விஷயத்தைச் சொன்னேன். வேலையை எழுதிக் கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பேட்டரி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப திரும்ப மேல ஏறி, ஊரச் சுத்திச் சார்ஜ செலவு பண்ணிட்டு வந்தா புடிக்குமா?"

"புடிக்கும்."

"பிரேக்கு ஆறட்டும். அப்பறம் திருப்புங்க."

இறங்குவதற்காக மறுபடி ஏறினோம். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா வாசலுக்கு ஓடிவந்தார். "இன்னா நர்ஸம்மா, எதனா மறந்துட்டீங்களா?"

அவர் செய்த உபகாரம் எங்களை எங்கே கொண்டுபோய்விடப் பார்த்தது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மனைவி என் தொடையைக் கிள்ளினாள்.

"ஆமாக்கா. நாளைலேர்ந்து தெனம் கார்லயே வந்துடுவேன்னு சொல்ல மறந்துட்டேன்."

அந்த அம்மா கைதட்டிச் சிரித்தார். நாங்கள் இன்னும் மலை இறங்கவில்லை.