பச்சைப் புள்ளிகளும் ஒரு சொம்புத் தண்ணீரும்

அந்த வரைபடம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கிணத்துக்கடவை ஒட்டிய சிற்றூர், வீட்டுக்கு ஒரு புள்ளி, அத்தனையும் பச்சை. பச்சை நல்ல தண்ணீர், சிவப்பு ஆகாத தண்ணீர். ஊர்க்காரர்களே கிணற்று நீரைச் சோதித்துப் பதிவதற்காக எங்கள் கோவை அறக்கட்டளை நிதி கொடுத்து உருவாக்கிய செயலி அது. மருந்துத் தாளைத் தண்ணீரில் நனைத்துக் கைபேசியில் படமெடுத்தால் புள்ளி விழுந்துவிடும். யாருக்கு நிதி தொடரலாம், யாருக்கு நிறுத்தலாம் என்று எழுதுவது என் வேலை. 'எல்லாம் பச்சை, இனி இங்கே தேவையில்லை' என்று எழுதிவிட்டு, அதை நேரில் சொல்லப் போனேன்.

வீடு வீடாக ஏறி இறங்கிச் சோதித்தவர் அந்த ஊர் பால்வாடி டீச்சர். சேதி கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

"நிறுத்திப்போடாதீங்க கண்ணு. எங்கிட்ட இருந்துபோட்டுப் பெரிய பள்ளிக்கூடம் போன கொழந்தைகளுக்கெல்லாம் மொளைக்கற பல்லே காவியாத்தான் மொளைக்குது. தண்ணியிலதானுங்க ஏதோ இருக்குது."

கருவி பொய் சொல்லாது என்றேன். மேதாவி அல்லவா! அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரத் தன் வீட்டுக்குள் போனார். குடத்தைத் தொடவில்லை. மூலையிலிருந்த கேனைச் சாய்த்துச் சொம்பை நிரப்பினார்.

"விலைக்கு வாங்கின தண்ணீரா டீச்சர்?"

"வந்தவங்களுக்குக் கெணத்துத் தண்ணியக் குடுப்பாங்களாங்க? இங்க எந்த ஊட்டுலயும் குடுக்க மாட்டாங்க" என்றவர், அப்படியே நின்றுவிட்டார்.

'ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிச் சோதிக்கவும்.' கையேட்டில் அப்படி எழுதியவளே நான்தான். அவர் எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார். ஓராண்டாக நாங்கள் சோதித்தது ஊராரின் உபசாரத்தை.

அன்றே கயிறும் வாளியுமாகக் கிளம்பினோம். கேட்டு வாங்க ஆளில்லாமல் இதுவரை சோதிக்காது விட்டிருந்த அவர் வீட்டுக் கிணறுதான் முதல் சிவப்பு; பல்லைக் காவியாக்கும் ஃபுளோரைடு. பொழுது சாய்வதற்குள் பாதி ஊர் சிவந்துவிட்டது. என் குறிப்பைக் கிழித்துப் போட்டேன். நிதி தொடர்ந்தது. அந்த வரைபடத்தைப் பஞ்சாயத்தில் காட்டிக் காட்டியே டீச்சர் பால்வாடிக்கு ஒரு குடிநீர்க் குழாய் வாங்கிவிட்டார்.

அதன்பிறகும் மாதம் தவறாமல் அவர் வீட்டில் நல்ல தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறேன். நான் கிளம்பிய பிறகு அவர் எதைக் குடித்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. போன மாதம் கேட்டேவிட்டேன். கிணற்றுத் தண்ணீர்க் குடத்தைக் காட்டிச் சிரித்தார்.

"கொழந்தைகளுக்கு வந்துருச்சுல்லங்க, அது போதும். எனக்கு இனிமேல் பல்லா மொளைக்கப் போகுது?"