உறைக்குள் இருந்த வளையம்

ஐந்தடி ஒரு அங்குலம் என்பது ஒரு குறை என்று யாழ்ப்பாணத்தில் எனக்கு யாரும் சொன்னதில்லை. எண்பதுகளின் நடுவில், சோலோதுர்ன் என்ற சுவிஸ் நகருக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அது குறையானது. கழுவுகிற வேலை. ஊரில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டியவன் என்று ஒரு அகதி சொன்னால் யார் நம்புகிறார்கள்? தலைமை மெக்கானிக் நம்பவே இல்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதன். காட்டுப்பாதையில் ஓடுகிற உயரமான வண்டி ஒன்றைக் கழுவி, அதில் ஏறி இருந்து, கால் நிலத்துக்கு எட்டாமல் வாடிக்கையாளர்கள் முன்னால் நான் சரிந்து விழுந்தேன். அவன் ஒரு பியர்ப் பெட்டியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்து, இனி இதில் ஏறிக்கொள் என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டு திரிந்தேன்.

முதலாளி கழித்துவிட்ட ஒரு பழைய வண்டியை எனக்குத் தந்தார். சனிக்கிழமைகளில் அதன் இருக்கையைத் தாழ்த்தினேன். மெத்தையை வெட்டிக் குறைத்தால் ஓடுகிறவனின் பின்பக்கம் புண்ணாவதுதான் மிச்சம். பின்சக்கரத்தின் அதிர்ச்சியைத் தாங்குகிற சொக்கோடு சேர்ந்த இரண்டு தகடுகளை நீளமாகச் செய்து மாட்டினால் வண்டியின் பின்பக்கம் இறங்கும். முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கையும் மேலே தள்ளி முன்பக்கத்தை அதற்கேற்ப இறக்கினேன். பிறகு, கராஜ்காரர்கள் வண்டிகளை ஓடிப் பார்க்கிற சரளைக் குழிக்குக் கொண்டுபோய் ஒரு மேட்டில் குதித்தேன். சொக் முழுதாக அமுங்க, சக்கரம் முன்னையைவிட மேலே ஏறி மட்காட்டில் சிக்கி நின்றது. வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கைத் தோலைச் சரளைக்குக் கொடுத்தபின் விஷயம் விளங்கியது. சொக்கின் தண்டில், ரப்பர் உறைக்குள்ளே, தடித்த நைலோன் வளையம் ஒன்றைக் கடைந்து போட்டேன். அதற்குப் பிறகு அது அளவுக்கு மேல் அமுங்கவில்லை. வெளியே நின்று பார்ப்பவனுக்கு வளையம் தெரியாது.

வசந்த காலத்தில் ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியை வந்தார். என் உயரம்தான். புதிதாக வாங்கிய காட்டு வண்டியில் அவருக்குக் கால் எட்டவில்லை. மூலையில் நின்ற என் வண்டியைப் பார்த்து, இப்படித் தனக்கும் செய்ய முடியுமா என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம், தான் செய்து தருவதாக மெக்கானிக் சொல்லிவிட்டான். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு வந்தபோது என் வண்டியின் தகடுகளில் மட்டும் தூசி துடைபட்டிருந்தது. அளவெடுத்திருக்கிறான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தகடு, ஃபோர்க் எல்லாம் என்னுடையதைப் போலவே அச்சொட்டாகச் செய்தான். உறையை நீக்கிப் பார்க்கவில்லை.

எனக்கு மனம் குளிர்ந்தது. பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு சந்தோஷம் இந்த நாட்டுக்கு வந்த பிறகு எனக்கு வரவே இல்லை.

என்னோடு அறையில் இருந்தவர் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்தவர், என்னைவிட மூத்தவர். கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லிப்போடு தம்பி. விழப்போறது அவனில்லை, அந்த டீச்சர்ப் பிள்ளை."

"அவன் குழியில ஓடிப் பாத்துத்தானே குடுப்பான், அண்ணை. அவன்தான் விழுவான்."

உண்மையில் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை அவன் அந்த வண்டியில் ஏறியபோது முழங்கால்கள் ஹாண்டிலில் இடித்தன. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கிவிட்டான். முற்றத்தில் எந்தச் சொக்கும் முழுதாக அமுங்காது.

அந்த கராஜில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு அட்டை உண்டு. வேலை செய்தவன் மேலே கையெழுத்து வைக்க வேண்டும், சரிபார்த்தவன் கீழே. ஆட்கள் குறைந்திருந்ததால் கீழ்க் கையெழுத்துக்கு என்னைப் பிடிப்பான். நான் எதையும் பார்க்க வேண்டும் என்று அவன் எதிர்பார்த்ததில்லை. அன்றும் முகத்தைப் பார்க்காமல் அட்டையை நீட்டினான். ஆசிரியை வாசலில் தலைக்கவசத்தோடு காத்துக்கொண்டு நின்றார். சொல்ல நேரம் இருந்தது. பியர்ப் பெட்டி நினைவுக்கு வந்தது. கையெழுத்து வைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆசிரியை கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தார். காரை எலும்பு முறிந்திருந்தது. முதலாளி அட்டையை எடுத்து மேசையில் வைத்து, இதைச் சரிபார்த்தாயா என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்ல முன்னம் மெக்கானிக் குறுக்கே வந்தான். கழுவுகிறவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, அவனை விடுங்கள் என்றான்.

அவன் எனக்குத் தப்பிக்க வழி விட்டான். ஓம், எனக்கொன்றும் தெரியாது என்று தலையை ஆட்டியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். என்னால் முடியவில்லை. அயோக்கியன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, ஒன்றும் தெரியாதவன் என்று நினைக்கக் கூடாது. பார்த்தேன் என்றேன். என் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, உறையை இறக்கி, வளையத்தைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த எல்லா ஜெர்மனையும் அன்றைக்குப் பேசினேன். அவனுடைய முகம் கழுத்துவரை சிவந்தது. இன்று நினைத்தாலும் இனிக்கிறது.

ஆசிரியை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, நான் உங்களுக்கு என்ன செய்தேன் என்று கேட்டார்.

அந்த கராஜில் அண்ணாந்து பார்க்காமல் நான் பேசக்கூடிய ஒரே முகம் அது. மன்னிப்புக் கேட்கிற சொல் எனக்கு ஜெர்மனில் தெரியும். எங்கள் ஆட்கள் இந்த நாட்டில் முதலில் படிக்கிற சொல்லே அதுதான், பஸ்ஸில் யாருடைய காலை மிதித்தாலும் சொல்கிறோம். அது வாய்வரை வந்தது. பக்கத்தில் அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அதனால் சொல்லவில்லை.