இறக்கி வைத்த பால்குடம்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் புடவைக் கடையை என் கணவர் மனதாரப் பூட்டுவது அந்த ஒரு நாளுக்குத்தான்.

அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு, கோபமும் உண்டு. எதனால் எது வருகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காலையில் இரண்டு மாத்திரை சாப்பிட வேண்டும், பாதி நாள் ஒன்றை மறந்துவிடுவார். அதனால் அந்த வாரம் கிளினிக்கில் டாக்டர் இரண்டு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றிக் கொடுத்திருந்தார். பழையதை நிறுத்தச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் சுண்டைக்காய் அளவுகூட இல்லாத ஒன்று, இரண்டு மாத்திரை வேலையை எப்படிச் செய்யும் என்று இவருக்குச் சந்தேகம். யாரிடமும் கேட்காமல், துணைக்கு இருக்கட்டும் என்று பழைய இரண்டையும் சேர்த்தே விழுங்கியிருக்கிறார். அன்று விரதம் வேறு. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

உச்சி வெயிலில் பால்குடங்கள் கோயிலுக்குள் வந்தன. உருமி மேளம் காதைப் பிளந்தது. குடம் சுமந்து வருகிறவர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிடுவது எங்கள் வழக்கம். இவரும் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். எழுந்து நின்றதும் உடம்பு ஆடியது, கண் மேலே சொருகியது.

அருள் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். உடனே மேளம் இன்னும் வேகமெடுத்தது. இரண்டு பேர் கீழே விழாமல் இவரைத் தாங்கி நிறுத்தினார்கள், ஒருவர் கையில் வேப்பிலையைத் திணித்தார். இவர் சாமி வந்து ஆடுகிற ரகமே இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கைகூப்பி நின்று, மகள் கல்யாணம் ஏன் தள்ளிப் போகிறது தாயே என்று கேட்டும்விட்டேன்.

பதில் வரவில்லை. தலை மார்பில் தொங்கியது. உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அப்போதும் அந்த இரண்டு பேரும் பக்தியோடு இவரை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தார்கள்.

பால்குட வரிசையிலிருந்து ஒரு சீனப் பெண்மணி விலகி வந்தார். மஞ்சள் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், தலையில் குடம். வந்த வேகத்தில் குடத்தை வெறுந்தரையில் இறக்கி வைத்தார்.

"சாமி இல்ல லா, பிரஷர் எறங்கிடுச்சு. படுக்க வைங்க."

நல்ல தமிழ். அதட்டலில் பிடித்தவர்கள் கை தானாகத் தளர்ந்தது. இவரை மல்லாக்கப் படுக்க வைத்தோம். அந்த அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து, இவருடைய இரண்டு கால்களையும் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் உதட்டில் ரத்தம் திரும்புவதை என் கண்ணால் பார்த்தேன். மேளம் நின்றிருந்தது. கண் திறந்தவரிடம் அவர் குனிந்து கேட்டார்.

"அண்ணே, காலையில என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

"புதுசு ஒண்ணு, பழசு ரெண்டு."

தன் வீட்டுக்காரரும் ஒருமுறை இப்படித்தான் பழையதையும் புதியதையும் சேர்த்து விழுங்கிச் சாய்ந்தாராம். எழுந்திருக்க விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கால்களை அவர் கீழே விடவில்லை.

அப்போதுதான் எனக்குக் குடம் கண்ணில் பட்டது. வேண்டுதல் குடத்தைச் சன்னதி சேரும்வரை தரையில் வைக்கவே கூடாது. அதற்காக எத்தனை நாள் விரதம் இருந்தாரோ. நாங்கள் விழுந்து கும்பிட வேண்டிய கால்களுக்கு உரியவர், என் புருஷனின் கால்களைத் தோளில் சுமந்துகொண்டிருக்கிறார்.

"குடத்தைக் கீழ வச்சிட்டீங்களேக்கா," என்றேன்.

அவர் சன்னதிப் பக்கம் முகவாயால் காட்டினார். "அவங்களுக்குத் தெரியும் லா."

ஆம்புலன்ஸ் கதவு மூடும் முன் திரும்பிப் பார்த்தேன். குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வரிசையின் கடைசி ஆளாகப் போய் நின்றார். நான் அவர் பெயர்கூடக் கேட்கவில்லை.

இரண்டு நாள் மருந்தை ஒரே வாயில் போட்டதற்குச் சமம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார். இப்போது என் கணவர் அந்த ஒரே மாத்திரையை மறக்காமல், கொஞ்சம் பயபக்தியோடுதான் சாப்பிடுகிறார்.

நான் ஒவ்வோர் ஆடியிலும் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு கோயில் வாசலில் நிற்கிறேன். வருகிற ஒவ்வொருவர் காலிலும் ஊற்றி நிமிர்ந்து முகத்தைப் பார்க்கிறேன். அன்று அம்மன் வந்தது பொய் என்று நான் சொல்லவே மாட்டேன், நாங்கள்தான் வேறு ஆளிடம் தேடிக்கொண்டிருந்தோம்.