அம்பு இல்லாத சாலை

மார்லிஸ் ட்வைட் மாதிரி ஒரு பிடிவாதக்காரியை எங்கள் விஸ்கான்சின் மலைப்பக்கத்தில் நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். ஆகஸ்ட் பிறந்தால் ஊரிலுள்ள சைக்கிள் பைத்தியங்களான எங்களையும் சேர்த்து மேய்ப்பாள். சனிக்கிழமை மிசிசிப்பி ஆறு வரை மிதித்து, தேவாலயக் கூடம் ஒன்றில் படுத்து, ஞாயிறு திரும்ப வேண்டும். சாப்பாடு, படுக்கை, பஞ்சர் ஒட்ட ஆள் எல்லாம் அவள் பொறுப்பு. முந்தைய வாரமே பாதை முழுக்கக் காரில் போய், குனிந்து குனிந்து சாலையில் ஆரஞ்சுப் பெயின்டால் அம்புக்குறிகள் அடித்துவிட்டு வருவாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் மூன்று: திருப்பத்துக்கு முன்னால் ஒன்று, திருப்பத்திலேயே ஒன்று, சரியாகத்தான் வந்தோம் என்று மனசைத் தேற்ற அதற்கப்புறம் ஒன்று. அம்பு இல்லாத சந்திப்பில் நேராகப் போக வேண்டும். இது எங்கள் கூட்டத்தின் எழுதாத சட்டம்.

இந்தக் காலத்தில் யாருக்கு வேண்டும் அம்பு? எல்லோருடைய கைப்பிடியிலும் வழி சொல்லும் கருவி இருக்கிறது. இந்த வருஷம் கிளம்பும்போது, குழாய் வேலை பார்க்கும் டென்னி வழக்கம்போல் அவளைச் சீண்டினான்.

"என்ன மார்லிஸ், முதுகு இன்னும் நிமிரலையா? யாரு பாப்பாங்கன்னு ரோடெல்லாம் கிறுக்கி வச்சிருக்க?"

"பாக்குறவங்க பாப்பாங்க. நீ வாயை மூடிட்டு மிதி."

எல்லோரும் சிரித்தோம். அவள் கணவன் ஓர்லினும் பக்கத்தில் நின்று சிரித்தான். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், என் வயதுக்காரன். மேடு வந்தால் எங்கள் எல்லோரையும் முந்தித் தனியாகப் போய்விடுவான். கொஞ்ச நாளாகப் பேச்சு மட்டும் குறைந்திருந்தது.

மதியம் ஒரு பூங்காவில் சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு சாலட்டும் பரப்பி வைத்திருந்தார்கள். மார்லிஸ் தலைகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். ஓர்லினைக் காணவில்லை.

"அவன் தொலையிற ஆளா? போன் போடு," என்றான் டென்னி.

"போனை எடுக்கவோ கருவியைப் பாக்கவோ அவனுக்கு இப்பத் தெரியாது."

"என்ன சொல்ற?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "மறதி நோய். போன குளிர்காலத்துலயே டாக்டர் சைக்கிளைப் பூட்டி வைக்கச் சொல்லிட்டார். வீட்டுல பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேக்குறான். ஆனா அம்பு இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டே போயிடுவான். சைக்கிள் மேல இருக்குறப்ப மட்டும்தான் அவன் என்னோட பழைய ஓர்லின். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்?"

டென்னி கையில் இருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். "பள்ளத்தாக்குச் சந்திப்புல புதுசா தார் போட்டிருந்தாங்களே," என்றான் மெதுவாக. "அங்க அம்பு இருந்துச்சா?"

யாருக்கும் தெரியவில்லை. கருவி இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பிவிட்டோம். தரையை யார் பார்த்தார்கள்? அவள் அடித்த மூன்று அம்புகளும் புதுத் தாருக்கு அடியில் போய்விட்டன.

"நேராப் போயிருப்பான்," என்றாள் மார்லிஸ். "அம்பு இல்லன்னா நேராத்தானே போகணும்."

சாப்பாடு ஏற்றி வந்த வேனை நான்தான் ஓட்டினேன். அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். தார் போட்ட சந்திப்பைத் தாண்டி நேர்ச் சாலையில் போனோம். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, தொழுவத்தைப் பார்த்தாலும் பள்ளத்தைப் பார்த்தாலும் அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தாள். எதிரே மணல் லாரி வரும்போதெல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. அவன் தண்ணீர் இந்நேரம் தீர்ந்திருக்கும். "நானே அவனைக் கொன்னுட்டேன், நானே கொன்னுட்டேன்," என்று புலம்பினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆள் மாத்தி ஆள் அவன் கூடவே வந்திருப்போமே, மார்லிஸ்!"

"சொல்லியிருந்தா அவனை நோயாளியாப் பாத்திருப்பீங்க. நானே இன்னும் அப்படிப் பாக்கல."

நான் வண்டியை இன்னும் வேகமாக விரட்டினேன்.

ஒரு சோளக்காட்டில் முட்டி, சாலை இடமும் வலமுமாகப் பிரிந்தது. அங்கே நின்றிருந்தான் ஓர்லின். சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் மிதியில். முகம் வெந்து சிவந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. வேன் நிற்பதற்குள் மார்லிஸ் குதித்து ஓடி அவன் தோள்களைப் பிடித்தாள்.

"ஓர்லின்! கண்ணு, ஓர்லின்!"

அவன் அவளை மரியாதையாகப் பார்த்தான்.

"நல்லவேளை வந்தீங்க. என் பொண்டாட்டியக் காணோம்ங்க," என்றான். "இங்க அம்பே இல்ல. மார்லிஸ் அம்பு போடாம விடமாட்டா. அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு. அவ வந்தா நான் இங்க இருக்கணும். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமாத் தேடிப் பாருங்கம்மா."

என்னால் வேனிலிருந்து இறங்கக்கூட முடியவில்லை.

மார்லிஸ் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் பிடியிலிருந்து சைக்கிளை மெதுவாக வாங்கினாள்.

"வாங்க," என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்தே தேடுவோம்."